ஸ்விஃப்ட் ஒன்று, இன்ஜின் பல: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மாருதி ஸ்விஃப்ட், டிசையர் பற்றியவை. மதுரை வட்டாரத்தில் கைமாறும் பழைய கார்களில் இவைதான் அதிகம் கண்ணில் படுகின்றன என்பதால் ஆச்சரியமில்லை. இந்தப் பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

பழைய ஸ்விஃப்ட் பெட்ரோல் வாங்க மூன்று வண்டிகள் பார்த்து வைத்திருக்கிறேன். 2008 ஒன்று, 2011 ஏப்ரல் ஒன்று, 2013 ஒன்று. முதல் இரண்டும் பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே இருக்கின்றன. "எல்லாம் ஒரே இன்ஜின்தான் சார், விலையை மட்டும் பாருங்க" என்கிறார் புரோக்கர். நம்பலாமா?
— வாசகர், வில்லாபுரம், மதுரை

நம்ப வேண்டாம். மூன்றிலும் இருப்பது மூன்று விதமான இன்ஜின். ஸ்விஃப்ட்டின் உருவம் மாறிய தேதியும் இன்ஜின் மாறிய தேதியும் ஒன்றல்ல. குழப்பத்துக்கெல்லாம் இதுதான் மூலம்.

2005 மே மாதம் வந்த முதல் ஸ்விஃப்ட்டில் இருந்தது ஜி13பிபி. 1298 சிசி, நான்கு சிலிண்டர், 16 வால்வு, வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் ஒன்றே, அதைக் கிராங்க்கோடு இணைத்துச் சுற்ற டைமிங் பெல்ட். 87 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர் இழுவை (டார்க்). உங்கள் 2008 வண்டியில் இருப்பது இதுதான். 2010-இல் அதே உடலுக்குள் கே12எம் வந்தது. 1197 சிசி, இரட்டைக் கேம் ஷாஃப்ட், பெல்ட்டுக்குப் பதில் செயின், 85 குதிரைத்திறன். 2009-இல் ரிட்ஸில் அறிமுகமான அதே இன்ஜின். உங்கள் 2011 ஏப்ரல் வண்டியில் இது இருக்க வேண்டும். 2011 ஆகஸ்டில் உருவம் மாறிய இரண்டாம் தலைமுறை வந்தபோது, கே12எம்மிலேயே இன்டேக் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடி சேர்ந்தது. 87 குதிரைத்திறன், 114 நியூட்டன் மீட்டர். 2013 வண்டியில் இது.

1298 ஏன் 1197 ஆனது என்பதற்கு வரிதான் பெரிய காரணம். நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள் இருந்தால்தான் சிறிய கார் என்ற கலால் சலுகை அப்போது கிடைத்தது. பழைய பெட்ரோல் இன்ஜின் 98 சிசி கூடுதலாக இருந்ததால் அந்தச் சலுகையை இழந்துகொண்டிருந்தது. 1248 சிசி டீசலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அதனால்தான் அது 2007 ஜனவரியிலிருந்து 2020 வரை அளவு மாறாமல் ஓடியது.

எது எது என்று கண்டுபிடிக்க பானெட்டைத் திறக்கக்கூட வேண்டாம். ஆர்சி கார்டில் கியூபிக் கெப்பாசிட்டி, இன்ஜின் நம்பர் இரண்டும் இருக்கும். 1298 என்றால் இன்ஜின் நம்பர் ஜி13பி என்று தொடங்கும். இந்தக் காலத்து வண்டியில் 1197 என்றால் கே12எம். 1248 என்றால் டி13ஏ, அதாவது டீசல். 2010-இல் பதிவான வண்டி என்றால் இரண்டு பெட்ரோல் இன்ஜின்களில் எதுவும் இருக்கலாம். அந்த ஆண்டுக்கு மட்டும் ஆர்சியைப் பார்க்காமல் வாயைத் திறக்காதீர்கள். ஆர்சியில் உள்ள எண் இன்ஜின் பிளாக்கில் குத்தியிருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிளாக்கில் எண் தேய்த்தது போலவோ மேலே பெயின்ட் பூசியது போலவோ இருந்தால் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வரிசை: 2013, பிறகு 2011. 2008 வண்டியை விலை நன்றாகக் குறைந்திருந்து, டைமிங் பெல்ட் மாற்றிய பில் கையில் இருந்தால் மட்டும் எடுக்கலாம். நெடுஞ்சாலையில் மூன்றாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் ஜி13பிபி இன்றைக்கும் நன்றாகவே இழுக்கும். அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் நகரத்துக்குள், மாசி வீதிகளில் முதல் கியரும் இரண்டாம் கியருமாக நகரும் ஓட்டத்துக்கு கே12எம் இலகுவானது, பெட்ரோலும் குறைவாகக் குடிக்கும்.

பணம் கொடுக்கும் முன் இரண்டு சோதனை. காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய், பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். அடுத்து, நான்கு பிளக்கையும் கழற்றி கம்ப்ரெஷன் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 15 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டும். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால், பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்வு, ஏறாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கட். எரிவாயு கிட் போட்டு ஓடிய கே12எம்மில் வால்வு பக்கம்தான் முதலில் அடி வாங்கும். அதில் டேப்பட் (கேமுக்கும் வால்வுக்கும் நடுவே இருக்கும் பகுதி) இடைவெளியைத் திருகு வைத்துச் சரிசெய்ய முடியாது. தடிமன் வேறான பக்கெட் டேப்பட் வாங்கி மாற்ற வேண்டும். பட்டறைகளில் பலர் செய்யாமல் விடும் வேலை அது.

என்னிடம் 2007 ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ. 78,000 கி.மீ.தான் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் பற்றி இதுவரை யாரும் சொன்னதில்லை. மாற்ற வேண்டுமா? செயின் உள்ள வண்டிகளுக்கு இது தேவையில்லை என்கிறார்களே?
— வாசகர், திருமங்கலம்

உடனே மாற்றுங்கள். பெல்ட் ரப்பர். ஓடிய தூரத்தைவிட வயதும் சூடும்தான் அதைக் கெடுக்கும். பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன ஒரிஜினல் பெல்ட் இன்னும் ஓடுவது உங்கள் அதிர்ஷ்டம். அறுந்தால் முன்னறிவிப்பு இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் அப்படியே நின்றுவிடும். அதோடு ஸ்டீயரிங் கனத்துவிடும், ஓரிரு மிதிக்குப் பிறகு பிரேக் பூஸ்டரும் வேலை செய்யாது. நான்குவழிச் சாலையில் லாரிகளுக்கு நடுவே இது நேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

பெல்ட் மட்டும் மாற்றினால் பாதி வேலை. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பேரிங்கையும் சேர்த்து மாற்றுங்கள். கையால் சுற்றும்போது கரகரவென்றால் அது அடுத்த பெல்ட்டைத் தின்றுவிடும். கிராங்க் சீல், கேம் சீல் இரண்டும் அங்கேயே இருக்கின்றன. அவை கசிந்தால் ஆயில் பெல்ட்டில் பட்டு அது ஊறிப்போகும். வாட்டர் பம்பைக் கழற்றவும் எப்படியும் பெல்ட்டைக் கழற்றியாக வேண்டும் என்பதால், பம்ப் பழையது என்றால் அதையும் இப்போதே போட்டுவிடுவது கூலியை மிச்சப்படுத்தும். வேலை முடிந்ததும் ஸ்டார்ட் செய்யும் முன் கிராங்க் போல்ட்டில் ஸ்பானர் போட்டு இரண்டு முழுச் சுற்று கையால் சுற்றச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறிகள் நேராக நின்றால்தான் பொருத்தியது சரி. ஒரு பல் தள்ளிப்போனாலும் இழுவை குறையும், ஐடிலிங் தடுமாறும்.

செயினுக்கு இத்தனை கி.மீ.க்கு ஒரு முறை என்ற கணக்கு இல்லை என்பது சரி. ஆனால் செயின் சாகாவரம் பெற்றதல்ல. அதற்கு ஆயில்தான் உயிர். அடுத்த கடிதம் அதைப் பற்றியதுதான்.

2012 ஸ்விஃப்ட் விடிஐ, 1.9 லட்சம் கி.மீ. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சங்கிலி குலுக்குவது போல ஒரு சத்தம், சில விநாடியில் நின்றுவிடுகிறது. ஒரு மெக்கானிக் "டீசல்னா அப்படித்தான்" என்கிறார். இன்னொருவர் இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறார். எதைக் கேட்பது?
— வாசகர், உசிலம்பட்டி

இரண்டையும் அப்படியே கேட்க வேண்டாம். உங்கள் வண்டியில் இருப்பது ஃபியட்டின் மல்டிஜெட் வடிவமைப்பு. உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரித்தது. 1248 சிசி, 75 குதிரைத்திறன், 2000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர். இதில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிப்பது ஆயில் அழுத்தத்தில் இயங்கும் டென்ஷனர். இரவு முழுக்க நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். மறுபடி அழுத்தம் ஏறும்வரை செயின் தளர்ந்து ஆடும். ஒன்றிரண்டு விநாடி சத்தம் என்றால் அது எச்சரிக்கை. ஐந்து விநாடியைத் தாண்டினாலோ, சூடான பிறகும் ஐடிலிங்கில் கேட்டாலோ செயின் நீண்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஆயிலில் தொடங்குங்கள். இந்த இன்ஜினில் ஆயில் கொள்ளளவு குறைவு, டர்போ சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும். 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். 15,000, 20,000 என்று தள்ளிப்போட்ட வண்டிகளில் ஆயில் தேங்கும் சம்ப்பின் அடியில் கரி படிந்து ஆயில் பம்ப்பின் வடிகட்டி அடைபடும். அழுத்தம் குறையும், டென்ஷனர் தளரும், செயின் தேயும். எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் கேடு.

செய்ய வேண்டியது: இன்ஜின் நன்றாகச் சூடானதும் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஆயிலை வடியுங்கள். அவசரப்படாமல் அரை மணி நேரம் வடிய விடுங்கள். வடிந்த ஆயிலில் கட்டியாகக் கரி வந்தால் சம்ப்பைக் கழற்றி அந்த வடிகட்டியையும் சுத்தம் செய்ய வேண்டும். ஃப்ளஷ் திரவம் ஊற்றி ஓடவிடும் வேலையை 1.9 லட்சம் ஓடிய இன்ஜினில் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். பெயர்ந்த கரி போய் அடைக்கும் இடம் டர்போவின் ஆயில் குழாயாக இருக்கலாம். புது ஃபில்டர், கையேட்டில் சொன்ன தரத்தில் டீசலுக்கான 5டபிள்யூ-30 ஆயில். டிப்ஸ்டிக்கின் மேல் குறியைத் தாண்ட வேண்டாம். கடைசியாக ஸ்கேனர் போட்டு கிராங்க், கேம் இரண்டும் ஒத்து ஓடுகின்றனவா, அது தொடர்பான பிழைக் குறியீடு ஏதும் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் சத்தம் நிற்கவில்லை என்றால் செயின் கிட் மாற்றத்தான் வேண்டும். செயின் மட்டும் வாங்காதீர்கள். டென்ஷனர், கைடுகள், பல்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்த கிட் வேண்டும். பழைய பல்சக்கரத்தில் புதுச் செயின் ஓடினால் அதுவும் சீக்கிரம் நீளும். பட்டறையில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "கேமையும் கிராங்கையும் பூட்டும் டூல் வைத்திருக்கிறீர்களா?" இல்லை, பெயின்ட் குறி வைத்துச் செய்துவிடலாம் என்றால் அடுத்த பட்டறையைப் பாருங்கள். செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும், ராக்கர் ஆர்ம் உடையும். செயின் கிட் செலவு அதற்குப் பக்கத்தில்கூட வராது.

சத்தம் செயினிலிருந்து வருகிறதா, இன்ஜெக்டரிலிருந்தா என்பதையும் பிரித்துக் கேளுங்கள். இன்ஜெக்டருக்கு அடியில் உள்ள செம்பு வாஷர் கசிந்தால் "டிச்சு டிச்சு" என்று காற்று கக்கும் சத்தம் வரும், அந்த இன்ஜெக்டரைச் சுற்றி தார் போலக் கறுப்பு படிந்திருக்கும். அது தனி வேலை. நாள் கடத்தினால் இன்ஜெக்டர் கெட்டியாக ஒட்டிக்கொண்டு கழற்றவே முடியாமல் போகும்.

மேலூர் பக்கம் கல் குவாரி சாலையில்தான் தினசரி ஓட்டம். 2014 ஸ்விஃப்ட் டீசல். 2000 ஆர்பிஎம்முக்கு மேல் வண்டி எழவில்லை, கறுப்புப் புகை. டர்போ போய்விட்டது, எர்டிகா டர்போ குறைந்த விலைக்கு இருக்கிறது, போட்டுவிடலாம் என்கிறார்கள்.
— வாசகர், மேலூர்

எர்டிகா டர்போ வேண்டாம். அடிப்படை இன்ஜின் ஒன்று என்பது உண்மை. ஆனால் எர்டிகா, சியாஸ், எஸ்எக்ஸ்4, பிரெஸ்ஸா ஆகியவற்றில் இருப்பது 90 குதிரைத்திறன் வகை. அதன் டர்போவில் இறக்கைகளின் கோணம் மாறும். ஸ்விஃப்ட், டிசையரில் உள்ள 75 குதிரைத்திறன் வகையின் டர்போவில் கோணம் மாறாது. உங்கள் வண்டியின் இசியுவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) அந்த டர்போவை இயக்கத் தெரியாது. பாதி இழுவையும் பிழை விளக்கும்தான் மிஞ்சும்.

டர்போவைக் குறை சொல்லும் முன் பார்க்க வேண்டியவை வேறு. முதலில் ஏர் ஃபில்டர். குவாரித் தூசியில் கையேட்டின் கால அளவு செல்லாது, 5,000 கி.மீ.க்கு ஒரு முறை திறந்து பாருங்கள். கம்ப்ரஸர் காற்றை அடித்துச் சுத்தம் செய்து மறுபடி போடுவதில் ஒரு சிக்கல் உண்டு: காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் அந்தத் தூசி நேராக டர்போ இறக்கையில் போய் அடிக்கும். அடுத்து டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் ஹோஸ். உள்பக்கமாகக் கீறியிருந்தால் கையால் அமுக்கினால்தான் தெரியும். விசில் போன்ற சத்தமும் எண்ணெய்க் கறையும் அடையாளம். மூன்றாவது, புகையில் ஒரு பகுதியை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு. புகைக்கரி அடைத்துத் திறந்தபடியே நின்றுவிட்டால் நீங்கள் சொல்லும் அதே அறிகுறிதான். கழற்றிச் சுத்தம் செய்யலாம். தகடு வைத்து நிரந்தரமாக அடைப்பது சட்டத்துக்கும் ஆகாது, எஃப்சி நேரத்தில் புகைச் சோதனையிலும் வம்பு.

இவை மூன்றும் சரியாக இருந்தால் இன்ஜெக்டர் ரிட்டர்ன் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு சிறு பாட்டில்களில் விட்டு இன்ஜினை ஐடிலிங்கில் ஓடவிட்டால், எதில் டீசல் மிக அதிகமாகத் திரும்புகிறதோ அது தேய்ந்தது. டர்போவை அதன் பிறகு கழற்றலாம். ஷாஃப்ட்டை விரலால் பக்கவாட்டில் ஆட்டும்போது லேசான அசைவு இருப்பது இயல்பு. முன்னும் பின்னும் இழுக்க வந்தால், அல்லது இறக்கை சுவரில் உரசிய தடம் இருந்தால்தான் டர்போ செலவு.

டிரைவராக இருக்கிறேன். 2019 டிசையர் ஓட்டிவிட்டு இப்போது 2021 டிசையர் ஓட்டுகிறேன். இரண்டும் பெட்ரோல், இரண்டும் 1197 சிசி. ஆனால் சிக்னலில் தானாக ஆஃப் ஆகிறது, பேட்டரியும் சீக்கிரம் போய்விட்டது. இன்ஜின் வேறா?
— வாசகர், தேனி

வேறுதான். சிசி ஒன்றாக இருப்பதால் ஆர்சியில் அளவைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத இடம் இது. இன்ஜின் நம்பர் தொடக்கம் கே12எம்மா, கே12என்னா என்று பாருங்கள். டிசையரில் 2020 மார்ச்சில் கே12என் வந்தது. ஸ்விஃப்ட்டில் ஒரு வருடம் கழித்து, 2021 பிப்ரவரியில்தான். ஆகவே 2020 பிற்பகுதியில் வாங்கிய டிசையரும் ஸ்விஃப்ட்டும் பக்கத்து பக்கத்து வீட்டில் நின்றாலும் உள்ளே வேறு வேறு.

கே12என்னில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு இன்ஜெக்டர், அதாவது மொத்தம் எட்டு. வால்வுக்கு நெருக்கமாக, மெல்லிய பொடியாகப் பெட்ரோல் தெளிக்கும். இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு கேமுக்கும் விவிடி உண்டு. குளிரூட்டிய இஜிஆரும் சேர்ந்தது. 83 குதிரைத்திறன் 90 ஆனது. ஸ்விஃப்ட்டுக்கு மாருதி சொன்ன மைலேஜ் லிட்டருக்கு 21.21 கி.மீ.யிலிருந்து 23.20 ஆக ஏறியது. அதற்கு விலையும் உண்டு. எட்டு இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் கூலி நான்குக்கு ஆவதைவிடக் கூடுதல், கலப்படப் பெட்ரோலுக்குச் சகிப்பும் குறைவு.

பேட்டரி விஷயம் எளிது. சிக்னலில் அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் வண்டிக்கு அதற்கென்றே செய்த பேட்டரி வேண்டும். கடையில் 'ஐடில் ஸ்டார்ட் ஸ்டாப் பேட்டரி' என்று கேட்டால் தருவார்கள். விலை குறைவு என்று சாதாரணப் பேட்டரி போட்டிருந்தால் சீக்கிரம் போகத்தான் செய்யும். நகர நெரிசலில் அந்த வசதி தொல்லையாக இருந்தால் டேஷ்போர்டில் உள்ள பட்டனை அமுக்கி நிறுத்தலாம். ஒவ்வொரு முறை சாவி போடும்போதும் மறுபடி அமுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

ஆயில் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். பழைய கே12எம்முக்கு ஊற்றும் கெட்டியான ஆயிலையே இதற்கும் ஊற்றும் பழக்கம் பட்டறைகளில் இருக்கிறது. விவிடி வேலை செய்வதே ஆயில் ஓட்டத்தால்தான். கையேட்டில் என்ன தரம் போட்டிருக்கிறதோ அதையே வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

வெயில் காலத்தில் இன்ஜின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். இப்போது சூடு இல்லை, மைலேஜும் இல்லை. வண்டி 2012 ஸ்விஃப்ட் பெட்ரோல்.
— வாசகர், சோழவந்தான்

மறுபடி போடுங்கள். கார்புரேட்டர் காலத்துப் பழக்கம் இது. இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கிறது என்று சென்சார் சொல்லும்வரை இசியு கூடுதல் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். மைலேஜ் போன வழி அதுதான். பிளக் கரி பிடிக்கும், ஆயிலில் பெட்ரோல் கலக்கும்.

சூடானதற்கு மூல காரணம் பெரும்பாலும் போர் தண்ணீர். ரேடியேட்டரில் உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே சுண்ணாம்பு படிந்திருக்கும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, அல்லது மாற்றி, கலந்தே வரும் கூலன்ட்டை மட்டும் ஊற்றுங்கள். நிறம் வேறான இரண்டு கூலன்ட்டைக் கலக்க வேண்டாம். மின்விசிறியின் ரிலேயையும் ரேடியேட்டர் மூடியின் ரப்பரையும் பார்க்க மறக்காதீர்கள். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும்.

இப்போது எல்லா பங்கிலும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான். 2009 ஸ்விஃப்ட் தாங்குமா?
— வாசகர், அண்ணா நகர், மதுரை

இன்ஜின் ஓடும். ஆனால் எரிபொருள் செல்லும் வழியில் உள்ள ரப்பர், சீல் ஆகியவை அந்தக் காலத்தில் இந்தக் கலவையை நினைத்துச் செய்தவை அல்ல. ஆயுள் முடிந்த ஹோஸ்கள் இறுகி வெடிப்பு விடலாம். வருடத்துக்கு ஒரு முறை டேங்க் மேல் உள்ள பம்ப் கேஸ்கட், இன்ஜெக்டர் ஓ-ரிங், ஹோஸ் இணைப்புகளை மோந்தும் தொட்டும் பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றே மாற்றுங்கள். அது தீ விஷயம்.

எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. 20 சதவீதம் கலந்தால் எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிடும்போது 6 முதல் 7 சதவீதம் ஆற்றல் குறையும். 15 கி.மீ. கொடுத்த வண்டி 14 கொடுத்தால் மெக்கானிக்கைத் திட்ட வேண்டாம். 12 ஆகிவிட்டது என்றால் வேறு கோளாறு, எத்தனால் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் வாரக்கணக்கில் நிறுத்தும் வண்டியில் டேங்க்கைக் காலியாக வைக்க வேண்டாம். 2023 ஏப்ரலுக்குப் பிறகு வந்த மாருதி வண்டிகள் இந்தக் கலவைக்கு ஏற்றபடி செய்யப்பட்டவை.

பத்து வருடம் ஆன டீசல் ஸ்விஃப்ட்டை ஓட்டக் கூடாது என்கிறார்களே?
— வாசகர், வாடிப்பட்டி

அந்தப் பேச்சு டெல்லி வட்டாரத்து விதியிலிருந்து வந்தது. இங்கே சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 வருடம். பிறகு ஆர்டிஓவில் வண்டியைக் காட்டி, பசுமை வரி கட்டி, ஐந்து வருடத்துக்குப் புதுப்பிக்கலாம்.

2024 ஸ்விஃப்ட்டில் மூன்று சிலிண்டர்தானாமே? மாதம் இரண்டு முறை கொடைக்கானல் போகிறோம். ஏற்றத்தில் இழுக்குமா? பழைய டீசலையே வைத்துக்கொள்ளலாமா?
— வாசகர், வத்தலகுண்டு

2024 மே மாதம் வந்த இசட்12இ மூன்று சிலிண்டர்தான். சிசி மட்டும் அதே 1197. 82 குதிரைத்திறன், 112 நியூட்டன் மீட்டர். உச்சத் திறனில் முந்தைய கே12என்னைவிட எட்டு குறைவு. மாருதி சொல்லும் மைலேஜ் மேனுவலில் 24.8. ஒரு சிலிண்டர் குறைந்தால் உராய்வு குறையும், அதில்தான் அந்த மைலேஜ் வருகிறது. நான்கு சிலிண்டரில் கிராங்க் 180 டிகிரி சுற்றுக்கு ஒரு முறை வெடிப்பு, மூன்றில் 240 டிகிரிக்கு ஒரு முறை. ஐடிலிங்கில் சீட்டில் தெரியும் மெல்லிய அதிர்வு அதனால் வருவது, கோளாறு அல்ல. அது திடீரென்று கூடினால் மட்டும் இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள்.

கொடைக்கானலில் கவனிக்க வேண்டியது சிலிண்டர் எண்ணிக்கையை அல்ல. மேலே சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும். டர்போ இல்லாத எந்தப் பெட்ரோல் இன்ஜினும், அது ஜி13பிபி ஆகட்டும் இசட்12இ ஆகட்டும், அந்த அளவுக்குத் திறனை இழக்கும். டர்போ டீசல் காற்றை அமுக்கிக் கொடுப்பதால் அவ்வளவு இழக்காது. ஐந்து பேரும் பெட்டியுமாக ஏறும்போது பழைய 75 குதிரைத்திறன் டீசல் புது 82-ஐ முந்துவது இதனால்தான். ஆனால் டீசலிலும் 2000 ஆர்பிஎம்முக்குக் கீழே விட்டுவிட்டால் டர்போ உறங்கிவிடும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு இறக்கிவிட வேண்டும். பெட்ரோலில் 3000-க்கு மேல் வைத்திருக்கத் தயங்காதீர்கள், இன்ஜின் கத்துவதால் கெட்டுவிடாது. நான்காம் கியரில் முக்க வைப்பதுதான் கெடுதல்.

உங்கள் டீசலில் செயின் சத்தம் இல்லை, ஆயில் குறையவில்லை, ரிட்டர்ன் சோதனையில் நான்கு பாட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு என்றால் விற்க வேண்டிய அவசியம் எங்களுக்குத் தெரியவில்லை. மலை ஏறி முடித்ததும் மட்டும், கடைசி வேகத்தோடு வந்து சட்டென்று சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் ஐடிலிங்கில் விட்டு அணையுங்கள்.

என் 2008 ஸ்விஃப்ட் பெட்ரோல் இன்ஜின் சீஸ் ஆகிவிட்டது. பழைய இரும்புக் கடையில் கே12எம் இன்ஜின் இருக்கிறது. மாற்றிப் போடலாமா?
— வாசகர், விருதுநகர்

இன்ஜினை மட்டும் தூக்கிப்போட்டு முடிகிற வேலை அல்ல அது. மவுன்ட், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், வயரிங், இசியு எல்லாம் மாறும். சாவியில் உள்ள சிப் பழைய இசியுவோடு பேசிப் பழகியது. புது இசியு வந்தால் அதையும் இணைக்க வேண்டும். அத்தனையும் செய்த பிறகும் ஆர்சியில் 1298, உள்ளே 1197 என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி ஆர்டிஓ அனுமதி இல்லாத மாற்றம். விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் பிடித்துக்கொள்ளும் முதல் காரணமும் அதுவே.

ஜி13பிபியே தேடுங்கள். எஸ்டீமிலும் முதல் தலைமுறை டிசையரிலும் இதே பெயர் இன்ஜின் வந்ததால் ஹெட், பிளாக் கிடைப்பது கடினமல்ல. ஆனால் சென்சார், மேனிஃபோல்டு வகைகள் வண்டிக்கு வண்டி மாறும் என்பதால் உங்களுடையதையே கழற்றி வைத்துக்கொண்டு ஒத்துப் பாருங்கள். வாங்கும் முன் லேத் பட்டறையில் ஹெட்டின் சமதளத்தையும் சிலிண்டர் போர் தேய்வையும் அளக்கச் சொல்லுங்கள். ஒரே மாதிரி இன்ஜினைப் போட்டாலும் எண் மாறுகிறது என்பதால் வாங்கிய பில், பழைய வண்டியின் ஆர்சி நகல், அந்த வண்டி முறைப்படி பதிவு நீக்கப்பட்டதற்கான சான்று ஆகியவை இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். இவை இருந்தால்தான் புது எண்ணை ஆர்சியில் ஏற்ற ஆர்டிஓவில் விண்ணப்பிக்க முடியும்.